அகலக் கோண ஐபீஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்துக்கு ஒரு தடவை, அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமை, மதுரைக்குத் தென்மேற்கே டி.கல்லுப்பட்டி தாண்டிப் பேரையூர் போகும் பக்கத்தில் தெரிந்தவர் தோட்டம் ஒன்றில் நாங்கள் ஏழெட்டுப் பேர் டெலஸ்கோப்போடு உட்காருவோம். புதிதாக வருகிறவர் முதல் தடவை சனிக்கோளின் வளையத்தைக் கேட்பார். இரண்டாம் தடவை ஐபீஸ் பற்றிக் கேட்பார். மூன்றாம் தடவை கையில் ஒரு தப்பான ஐபீஸோடு வந்து நிற்பார். அந்த மூன்றாம் தடவையைத் தவிர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

பாடப்புத்தகம் இதைக் கண்ணருகு லென்ஸ் என்கிறது. தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஐபீஸ்தான். கணக்கெல்லாம் என்னிடம் இருக்கும் 8 இஞ்ச் டாப்ஸோனியனுக்கு (கையால் தள்ளித் திருப்பும் கண்ணாடி டெலஸ்கோப்) போட்டது: குவியத் தொலைவு 1200 மி.மீ., எஃப் 6, அதாவது குவியத் தொலைவு கண்ணாடியின் விட்டத்தைப் போல ஆறு மடங்கு. நான் 1200 என்று எழுதும் இடத்தில் உங்கள் டெலஸ்கோப்பின் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அகலக் கோணம் என்றால் வானம் நிறையத் தெரியும் என்றுதானே அர்த்தம்?

பாதி சரி. ஐபீஸின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் அச்சடித்திருக்கும். ஒன்று மி.மீ., இன்னொன்று டிகிரி. மி.மீ. எண்தான் உருப்பெருக்கத்தைத் தீர்மானிக்கிறது: 1200-ஐ அதால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வந்துவிடும். 24 மி.மீ. போட்டால் 50 மடங்கு, 6 மி.மீ. போட்டால் 200 மடங்கு. டிகிரி எண், கண்ணை வைக்கும்போது எதிரே தெரியும் வட்டம் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்கிறது.

சித்திரைத் தேர் மாசி வீதியில் வரும்போது வீட்டுக்குள் இருந்து பாருங்கள். ஜன்னலை விட்டுப் பத்தடி தள்ளி நின்றால் தேரின் நடுப்பகுதி மட்டும் தெரியும். கம்பியில் மூஞ்சியை ஒட்டி வைத்தால் தேர், வடம் பிடிக்கிற கூட்டம், எதிர்வீட்டு மாடி எல்லாம் தெரியும். தேரின் அளவு என்னவோ அதேதான், ஜன்னல்தான் பெரிதாகிவிட்டது. பிளாஸல் என்கிற சாதாரண 52 டிகிரி ஐபீஸுக்கும் 82 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மி.மீ. ஒன்றாக இருந்தால் இரண்டிலும் உருப்பெருக்கம் ஒன்றே. ஆனால் வட்டத்தின் பரப்பு சுமார் இரண்டரை மடங்கு.

வானத்தில் நிஜமாக எவ்வளவு அகலம் தெரிகிறது என்று வேண்டுமானால் டிகிரியை உருப்பெருக்கத்தால் வகுங்கள். 82-ஐ 50-ஆல் வகுத்தால் 1.64 டிகிரி. நிலா அரை டிகிரி, ஆக மூன்று நிலாவை வரிசையாக அடுக்கலாம்.

பெட்டியோடு வந்த 25-உம் 10-உம் போதாதா?

25 மி.மீ. போதும். நிஜமாகவே போதும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். 48 மடங்கு, ஒரு டிகிரிக்குச் சற்று மேல்.

10 மி.மீ.தான் பெரும்பாலும் தொல்லை. 120 மடங்கில் 0.43 டிகிரிதான் தெரியும், முழு நிலா அதில் அடங்காது. கண்ணை லென்ஸில் இடிக்கிற மாதிரி கிட்டே வைக்க வேண்டும். இமை முடி பட்டுப் பட்டுக் கண்ணாடியில் எண்ணெய் ஏறிவிடும். முதலில் மாற்ற வேண்டியது இது.

68, 82, 100 என்று ஏறிக்கொண்டே போகிறதே, எது நல்லது?

எண் ஏற ஏற நல்லது என்று கடைக்காரர் சொல்வார். இருட்டில் எங்கள் அனுபவம் கொஞ்சம் வேறு.

52 டிகிரி பிளாஸலில் வட்டத்தின் கருப்பு விளிம்பு எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும், ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. 68-இல் அந்தக் குழாய் உணர்வு போய்விடுகிறது. விளிம்பு அங்கே இருக்கிறது, ஆனால் தொந்தரவு செய்வதில்லை. முழு வட்டத்தையும் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்ள எனக்கு இதுவே வசதி. 82-இல் விளிம்பைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணைத் திருப்ப வேண்டும். 100-இல் விளிம்பைத் தேடிப் போக வேண்டும். கண்ணை ஒரு பக்கமாகச் சாய்த்து, தலையையும் கொஞ்சம் சாய்த்து எட்டிப் பார்த்தால்தான் அது எங்கே முடிகிறது என்று தெரியும். முதல் தடவை 100 டிகிரியில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரப் பந்தைப் பார்த்தவர்களிடம் ஒரு நிமிடம் பேச்சே வராது.

ஆனால் எந்த ஐபீஸிலும் நடுப்பகுதி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். சில ஆயிரம் ரூபாய் பிளாஸலின் நடுவில் தெரியும் சனி வளையத்துக்கும், பத்து மடங்கு விலையுள்ள ஐபீஸின் நடுவில் தெரியும் வளையத்துக்கும் வித்தியாசம் சொல்லப் பழகிய கண் வேண்டும். நீங்கள் காசு கொடுப்பது விளிம்புக்கு. விளிம்பு வரை நட்சத்திரம் புள்ளியாக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் உள்ளே ஆறு, ஏழு, எட்டு லென்ஸ் போடுகிறார்கள். பிளாஸலில் நாலே நாலு. அதனால் எண்ணைப் பார்க்கும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்கு விளிம்பு எதற்கு? மோட்டார் வைத்து வானத்தைத் தானாகப் பின்தொடரும் டெலஸ்கோப்பில் பார்ப்பதெல்லாம் நடுவிலேயே நிற்கும், விளிம்பு அலங்காரம்தான். டாப்ஸோனியனைக் கையால் தள்ளுகிறவருக்கு விளிம்பும் வயிற்றுப்பாடு.

என் தீர்ப்பு: 68 யாருக்கும் பொருந்தும், 82 கொடுத்த காசுக்கு மிகுந்த சந்தோஷம் தரும், 100 ஆசைக்கு. ஒரு நல்ல 100 டிகிரி ஐபீஸ் வாங்கும் பணத்துக்கு ஒரு 8 இஞ்ச் டாப்ஸோனியனே வாங்கிவிடலாம்.

இந்த 82 டிகிரியை யார் கண்டுபிடித்தது?

அமெரிக்காவின் ஆல் நாக்லர். நிலாவில் இறங்கப் போகும் அப்போலோ விண்வெளி வீரர்கள் பயிற்சி எடுத்த பாவனைக் கருவிக்கு ஒளியியல் வடிவமைத்தவர் அவர். ஜன்னல் வழியே நிஜ வானம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது அங்கே தேவை. 1977-இல் டெலிவியூ நிறுவனத்தைத் தொடங்கி, 1980 வாக்கில் 13 மி.மீ., 82 டிகிரி ஐபீஸைக் கொண்டுவந்தார். அடிப்பக்கம் ஒரு குழிலென்ஸ் தொகுதி, மேலே குவிலென்ஸ் தொகுதி. உள்ளேயே ஒரு பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) ஒளிந்திருக்கிற மாதிரி. இன்று கிடைக்கும் பெரும்பாலான அகலக் கோண ஐபீஸ்கள் அந்த வழியில் வந்தவைதான். அதே நிறுவனத்தின் 100 டிகிரி ஈதாஸ் 2007-இல் வந்தது. அதற்கு முன் 1917-இல் ஜெர்மனியின் எர்ஃபிள் ராணுவத் தொலைநோக்கிகளுக்காக 60 டிகிரிக்கு மேல் போகும் ஒன்றைச் செய்திருந்தார். எஃப் 5 டெலஸ்கோப்பில் அதன் விளிம்பு சகிக்காது.

அண்ணே, 32 மி.மீ. பிளாஸலும் 24 மி.மீ. 68 டிகிரியும் ஒரே அகலம் காட்டும் என்கிறார்களே. அப்புறம் எதற்கு நாலு மடங்கு காசு?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் தோட்டத்துக்கு இரண்டையும் கொண்டுவந்து என் டெலஸ்கோப்பில் மாற்றி மாற்றிப் போட்டார்.

ஒன்றேகால் இஞ்ச் ஐபீஸ் குழலின் உள்ளே வட்டத்தின் எல்லையைத் தீர்மானிக்கும் ஒரு வளையம் இருக்கும். அந்தக் குழலுக்குள் அதை 27 மி.மீ.க்கு மேல் பெரிதாக்க முடியாது. 32 மி.மீ. பிளாஸலும் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது, 24 மி.மீ. 68 டிகிரியும் தொட்டுவிடுகிறது. 27-ஐ 1200-ஆல் வகுத்து 57.3-ஆல் பெருக்கினால் 1.29 டிகிரி, இரண்டுக்கும் அதேதான். 40 மி.மீ. பிளாஸல் வாங்கினாலும் அகலம் கூடாது, வட்டம்தான் சுருங்கும். அதை வாங்காதீர்கள்.

வித்தியாசம் பின்னணியில். ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் தடிமனைக் கணக்கிட மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுக்க வேண்டும். 32-க்கு 5.3 மி.மீ., 24-க்கு 4 மி.மீ. கற்றை மெலிந்தால் வானத்தின் வெளுப்பும் குறையும். இந்த இரண்டுக்கும் நடுவில் அது கிட்டத்தட்ட பாதியாகிறது. நட்சத்திரங்களோ புள்ளிகள், அவை அந்த அளவு மங்குவதில்லை. பிளாஸலில் சாம்பல் பூசிய மாதிரி இருந்த பின்னணி, 24-இல் கருத்துப் போய், கண்ணுக்குத் தப்பிய சின்ன நட்சத்திரங்கள் வெளியே வந்தன. அகலம் அதே அகலம்தான். அவர் 24-ஐக் கையை விட்டு விடவில்லை, அது என்னுடையதாக இல்லாமல் அவருடையதாக இருந்தது நல்லதாயிற்று.

மதுரை நகருக்குள் மொட்டை மாடியில் பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எல்.இ.டி. தெருவிளக்கு வெளிச்சத்தில் வானமே பால் மாதிரி இருக்கும்போது தடித்த ஒளிக்கற்றையால் பயனில்லை. இன்னொன்று, வயது. இளவயதில் கண்ணின் பாப்பா இருட்டில் 7 மி.மீ. வரை விரியும். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 5-ஐத் தாண்டுவதில்லை. ஐபீஸ் அதைவிடத் தடித்த கற்றையைத் தந்தால் மிச்சம் கருவிழியில் பட்டு வீணாகும்.

விளிம்பில் நட்சத்திரம் எல்லாம் பறவை மாதிரி தெரிகிறது. ஐபீஸ் கெட்டுப்போனதா?

கெடவில்லை. ஆனால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மருந்து வேறு.

மகம், சித்திரை போல நல்ல பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை நடுவில் வைத்துக் கூர்மையாக ஃபோக்கஸ் செய்யுங்கள். டாப்ஸோனியனைத் தொடாமல் விட்டுவிடுங்கள். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் தானாகவே விளிம்பை நோக்கி நகரும். விளிம்பை அடையும்போது ஃபோக்கஸர் திருகை ஒரு நூல் அளவு உள்ளே திருப்புங்கள், பிறகு ஒரு நூல் வெளியே.

திருப்பியதும் விளிம்பு நட்சத்திரம் புள்ளியாகி, அப்போது நடு நட்சத்திரம் மங்கினால், அது புல வளைவு. பெரிய பாவமில்லை. இளம் கண் தானே சரிசெய்துகொள்ளும்.

நட்சத்திரம் ஒரு கோடாக நீண்டு, உள்ளே திருப்பினால் ஒரு திசையிலும் வெளியே திருப்பினால் அதற்குச் செங்குத்தாகவும் கோடு திரும்பினால், இரண்டு திருப்பலுக்கும் இடையில் சிறகு விரித்த கொக்கு மாதிரி நின்றால், அது ஐபீஸின் அஸ்டிக்மாட்டிசம். மலிவான அகலக் கோண ஐபீஸ்களின் நிரந்தர நோய் இது. எஃப் 10 டெலஸ்கோப்பில் தெரியாது, எஃப் 5-இல் மூன்றில் ஒரு பங்கு வட்டத்தைத் தின்றுவிடும். நான் முதன்முதலில் வாங்கிய 20 மி.மீ., 66 டிகிரி ஐபீஸ் அப்படித்தான். பழைய 130 மி.மீ. எஃப் 5 டெலஸ்கோப்பில் போட்டதும் நடுவில் நாலு நட்சத்திரம், சுற்றிலும் கொக்குக் கூட்டம். பெயர் வேண்டாம். அதே ஐபீஸை நண்பர் ஒருவரின் எஃப் 10 டெலஸ்கோப்பில் போட்டபோது அப்படி அழகாக இருந்தது. அவருக்கே கொடுத்துவிட்டேன்.

எப்படித் திருப்பினாலும் மாறாமல், வால் எல்லாம் வெளிப்பக்கம் நோக்கி, வால்நட்சத்திரக் குட்டிகள் மாதிரி நின்றால், ஐபீஸ் மேல் தப்பில்லை. அது உங்கள் டெலஸ்கோப் கண்ணாடியின் கோமா. நடுவிலிருந்து அதே தொலைவில், எஃப் 6-ஐவிட எஃப் 4-இல் அது இரண்டேகால் மடங்கு. விலை உயர்ந்த ஐபீஸ் போட்டால் அது போகாது, தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். அதற்குக் கோமா கரெக்டர் என்று தனியாக இருக்கிறது, டெலிவியூவின் பாராகோர் மாதிரி. எஃப் 6-இல் நான் போடவில்லை, தேவைப்படவும் இல்லை.

கடைசியாக, கோடு நடுவிலும் தெரிந்து, தலையைச் சாய்த்தால் கோடும் சேர்ந்து சாய்ந்தால், அது உங்கள் கண். கண் ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊரில் இருக்கிறோம், ஒருநாள் போய் சிலிண்டர் பவர் பார்த்துவிடுங்கள்.

கோபுரத்தைப் பார்த்தால் விளிம்பில் வளைந்து தெரிகிறது. இதுவும் அந்த நோய்தானா?

இல்லை. பகலில் மாடியிலிருந்து தெற்குக் கோபுரத்தின் கலசங்களைப் பார்த்தால் (நம் டாப்ஸோனியனில் அவை தலைகீழாகத் தொங்கும்) நடுவில் நேர்வரிசையாக நிற்கும். விளிம்புக்கு நகர்த்தினால் வரிசை வில்லாக வளையும். அகலமான ஐபீஸில் இது இருந்தே தீரும். வானத்தில் நேர்கோடு கிடையாது, கவலையை விடுங்கள். பகலில் டெலஸ்கோப்பைத் திருப்பும்போது சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதற்கென்று செய்த ஃபில்டர் முன்பக்கம் இல்லாமல் சூரியன் பக்கம் போனால் கண் போய்விடும்.

மதுரையில் இருந்து பார்க்க அகலக் கோணம் எதற்காவது நிஜமாகப் பயன்படுமா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் நீளும்.

நாம் இருப்பது வடக்கு அட்சம் 10 டிகிரிக்குப் பக்கத்தில். துருவ நட்சத்திரம் அடிவானத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், பதிலுக்குத் தென்வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. ஐரோப்பாவில் உட்கார்ந்து ஐபீஸ் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பார்க்கவே முடியாதவை நமக்குச் சாப்பாட்டு நேரத்தில் உச்சத்தில் நிற்கின்றன. ஒமேகா சென்டாரி தெற்கே சுமார் 32 டிகிரி உயரத்துக்கு வருகிறது. மே மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு உச்சம். ஒரு நிலா அகலத்துக்கு இருக்கும் நட்சத்திரப் பந்து அது. 10 மி.மீ. பிளாஸலில் போட்டால் பந்து வட்டத்தை அடைத்துக்கொண்டு விளிம்பில் வெட்டுப்படும், ஏதோ உப்பைக் கொட்டியது மாதிரிதான் இருக்கும். 14 மி.மீ. 82 டிகிரியில் 86 மடங்கு, கிட்டத்தட்ட ஒரு டிகிரி அகலம். சுற்றிலும் கருப்பு வானம், நடுவில் பந்து. சுற்றியுள்ள அந்தக் கருப்பு இல்லாவிட்டால் பந்து பந்தாகவே தெரியாது.

ஏப்ரல் கடைசியில் இரவு எட்டரைக்கு ஈட்டா கரீனா நெபுலா 20 டிகிரி உயரத்தில் நிற்கும். அதன் பரப்பு இரண்டு டிகிரி. இதற்குத்தான் இரண்டு இஞ்ச் குழலும் 30 மி.மீ. 82 டிகிரியும்: 40 மடங்கு, 2.05 டிகிரி. அதே ஐபீஸில் மார்கழி, தை மாதத்தில் கார்த்திகைக் கூட்டம் முழுதாக அடங்கும். ஆடியில் தனுசு ராசிப் பக்கம் லகூன் நெபுலாவும் டிரிஃபிட் நெபுலாவும் ஒரே வட்டத்தில் வரும். இரண்டுக்கும் இடையே 1.4 டிகிரி, ஒன்றேகால் இஞ்ச் ஐபீஸ் எதிலும் இந்த டெலஸ்கோப்பில் அவை சேர்ந்து வராது. என்ன, ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், டாப்ஸோனியன் எம்மாத்திரம். சுவர் ஓரமாக வைத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். பலரும் இருட்டு என்று அழகர்கோவில் பக்கம் போகிறார்கள். இருட்டுத்தான், ஆனால் அங்கிருந்து மதுரை தெற்குப் பக்கம். நமக்கு வேண்டியதெல்லாம் தெற்கே இருக்கும்போது ஊரின் வெளிச்சத்துக்கு மேலேயே டெலஸ்கோப்பை நீட்டினால் எந்த ஐபீஸும் காப்பாற்றாது. ஊருக்குத் தெற்கே, தென்மேற்கே போய் வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் விடுங்கள். நாங்கள் பேரையூர்ப் பக்கம் போவது இதனால்தான். சித்திரைப் பௌர்ணமிக்கு எங்கேயும் போக வேண்டாம், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பாருங்கள்.

இரண்டு இஞ்ச் ஐபீஸ் என் டெலஸ்கோப்பில் மாட்டுமா?

ஃபோக்கஸர் குழாயின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். 50.8 மி.மீ. இருந்தால் மாட்டும். 8 இஞ்ச் டாப்ஸோனியன்களில் பெரும்பாலும் இருக்கும், 130 மி.மீ. டெலஸ்கோப்களில் பல ஒன்றேகால் இஞ்சோடு நின்றுவிடும். அதற்காக வருந்த வேண்டாம். குவியத் தொலைவு 650 மட்டும் என்றால் 24 மி.மீ. 68 டிகிரியே 2.4 டிகிரி காட்டிவிடும்.

மாட்டும் என்று சந்தோஷப்பட்டு எடையை மறந்துவிடாதீர்கள். டெலிவியூவின் 31 மி.மீ. நாக்லர் ஒரு கிலோ. 30 மி.மீ. 82 டிகிரி ஐபீஸ்கள் எல்லாமே அதை ஒட்டித்தான். நான் முதல் தடவை அப்படி ஒன்றை மாட்டி, ஈட்டா கரீனாவுக்குத் தாழ்த்திப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தேன். குழாய் மெதுவாகத் தலையைக் குனிந்து சோளக்காட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. தூக்கி நிறுத்தினால் மறுபடியும் குனிகிறது. தோட்டக்காரர் உள்ளே போய் மளிகைக்கடை எடைக்கல் ஒன்றை, ஒரு கிலோ இரும்புக்கல், எடுத்துவந்து குழாயின் அடிப்பக்கம் கயிற்றால் கட்டினார். நின்றது. இன்று வரைக்கும் அந்தக் கல்தான். கடையில் விற்கும் காந்த எடையும் இதே வேலையைத்தான் செய்யும்.

கோள்களைப் பார்க்க அகலக் கோணம் வீண் என்கிறார்களே?

மோட்டார் இருப்பவருக்கு வீண்தான். நமக்கு இல்லை. வான நடுக்கோட்டை ஒட்டிய பொருள் நாலு நிமிடத்தில் ஒரு டிகிரி நகரும். 200 மடங்கில் பிளாஸலில் வியாழன் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு ஒரே நிமிடத்தில் ஓடிவிடும். 82 டிகிரியில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல், 100 டிகிரியில் இரண்டு நிமிடம். தள்ளிவிட்ட குழாய் ஆடி அடங்குவதற்கே சில விநாடி போகும். கூட்டம் வரிசையில் நிற்கும்போது, ஒரு பள்ளிப்பிள்ளை கண்ணை வைத்துக் கண்டுபிடிப்பதற்குள் வியாழன் போய்விட்டால் அந்தப் பிள்ளை "தெரிஞ்சுச்சு சார்" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்தக் கூடுதல் அரை நிமிடத்துக்கு மதிப்பு உண்டு.

கண்ணாடி போட்டிருக்கிறேன். கழற்றணுமா?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிட்டு ஃபோக்கஸரைத் திருப்பிக்கொள்ளலாம். சிலிண்டர் பவர் இருந்தால், குறைந்த உருப்பெருக்கத்தில் கண்ணாடி வேண்டும். அப்போது கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே விடும் இடைவெளி, அதாவது ஐ ரிலீஃப், 18-20 மி.மீ. உள்ள ஐபீஸைப் பாருங்கள். பென்டாக்ஸ் எக்ஸ்டபிள்யூ 70 டிகிரி, பாடர் ஹைபீரியன் 68 டிகிரி, டெலிவியூவின் டெலோஸ் 72 டிகிரி, இவையெல்லாம் 20 மி.மீ. தருகின்றன. கண்ணாடியோடு 100 டிகிரி வாங்குவது சினிமாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் உட்காருவது மாதிரி. விளிம்பு தெரியாது.

கண்ணை வைத்ததும் அவரை விதை மாதிரி கருப்பு நிழல் வந்து வந்து போகிறது.

கண்ணைச் சரியான உயரத்தில் வைக்கவில்லை. நேராகக் கிட்டே போகாமல், கொஞ்சம் தள்ளியிருந்து ஆரம்பித்து மெல்ல நெருங்குங்கள், வட்டம் முழுதாகத் திறக்கும் இடத்தில் நில்லுங்கள். ரப்பர்க் கோப்பையை ஏற்றி இறக்கி அந்த உயரத்தில் நிறுத்திவிடலாம். பழைய 82 டிகிரி ஐபீஸ்களில் இந்தத் தொல்லை அதிகம். நிலாவைப் பார்க்கும்போதும் பகலிலும், கண்ணின் பாப்பா சுருங்கியிருப்பதால், இன்னும் கூடும்.

பார்லோ போட்டால் ஒன்று வாங்கி இரண்டாக்கலாமா?

ஆக்கலாம். 24 மி.மீ. 68 டிகிரி, இரண்டு மடங்கு பார்லோவில் 12 மி.மீ. ஆகும், 68 அப்படியே இருக்கும். எஃப் எண் இரட்டிப்பாவதால் விளிம்பும் சீராகிவிடும். ஒரு கிலோ ஐபீஸைப் பார்லோவில் குத்தி நிறுத்தாதீர்கள்.

ஜூம் ஐபீஸ்?

எனக்குப் பிடிக்காது. பொதுவாக 8-24 ஜூமில் 24-இல் நிற்கும்போது 40 டிகிரிக்குச் சற்று மேல்தான், 8-க்கு வரும்போது 60 ஆகும். அகலம் வேண்டிய இடத்தில் இல்லை. பிள்ளைகளுக்கு நிலா காட்ட வசதி, அதை மறுக்கவில்லை.

பழைய ஐபீஸ் வாங்கலாமா?

தாராளமாக. இதில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. செல்போன் டார்ச்சை அடிப்பக்கம் பிடித்து, மேலிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசு பரவாயில்லை, சின்னக் கீறலும் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, வேண்டாம் என்று கும்பிட்டுவிடுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு மதுரையிலும் பூஞ்சை வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். பீரோவில் பாச்சை உருண்டையோடு வைக்காதீர்கள், அதன் ஆவி கண்ணாடியில் படியும். எக்ஸ்ப்ளோர் சயின்டிஃபிக்கின் 82 டிகிரி வரிசை உள்ளே ஆர்கான் வாயு அடைத்து மூடப்பட்டது. நம் ஊர் ஈரத்துக்கு அது ஒரு நிம்மதி.

துடைப்பதை எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ போடுங்கள். முதலில் ரப்பர் பந்தால் ஊதி மண்ணைப் போக்காமல் வேட்டி நுனியால் துடைத்தால் பூச்சு போய்விடும்.

சரி, ஒன்றே ஒன்று வாங்கத்தான் காசு இருக்கிறது. எது?

8 இஞ்ச், எஃப் 6 என்றால் 14 மி.மீ. 82 டிகிரி. 86 மடங்கு, ஒரு டிகிரிக்குப் பக்கம். மாடியிலும் ஓடும், தோட்டத்திலும் ஓடும், நிலா முழுதாக அடங்கும். பெட்டியில் வந்த 25 அதற்குத் துணை. அவ்வளவு காசு இல்லையென்றால் பல பெயர்களில் விற்கும் 66 டிகிரி வரிசையில் 9 மி.மீ. 133 மடங்கு, அரை டிகிரி. விலைக்கு மீறிய சரக்கு அது. அதே வரிசையின் 20 மி.மீ.யை எஃப் 5, எஃப் 6-க்கு வாங்காதீர்கள், கொக்குக் கதை ஞாபகம் இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை உங்கள் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வாருங்கள், எங்கள் ஐபீஸ்களை அதில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிக்கொண்டு வாருங்கள். வாசலில் நாய் இருக்கிறது, குரைக்கும், கடிக்காது.